வெளிநாட்டில் வாங்கிய, எளிதில் உடையக்கூடிய பொருள்களை முழுசாக வீடு சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணம் கிளம்புகிறவர்களும் திரும்பி வந்தவர்களும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பீங்கான் கோப்பை, கண்ணாடிக் குவளை, சுடுமண் பொம்மை என்று ஆசையாக வாங்கியதை வீட்டில் வந்து பிரிக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் மனசு எப்படி விட்டுப்போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன என்பதால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

வாங்கலாமா வேண்டாமான்னு கடையிலேயே எப்படி முடிவு பண்றது?

முதலில் வடிவத்தைப் பாருங்கள். உடம்பை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்தான் முதலில் போகும்: கைப்பிடி, கெண்டியின் மூக்கு, மெல்லிய காம்பு, பறவைப் பொம்மையின் விரித்த இறக்கை. கட்டையாக, உருண்டையாக, அடி அகலமாக இருப்பது அடியை ஓரளவு தாங்கும். ஒரே கலைஞர் செய்த இரண்டு பொருளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், நீட்டல் குறைந்ததை எடுங்கள்.

அப்புறம் விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும். அதே வகைப் பொருள்களில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அது வழியில் பிளந்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் இயல்பாகவே மந்தமாகத்தான் ஒலிக்கும். மெக்சிகோவின் ஒஹாகா பகுதியின் பளபளக்கும் கருப்புப் பாண்டங்கள் அந்த வகை. அழகு கொள்ளை அழகு, ஆனால் பீங்கானின் உறுதியை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியாக, அளந்து செய்த பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பொருளுக்கென்றே வெட்டிய நுரைப்பெட்டிக்கு ஈடான பேக்கிங்கை ஓட்டல் அறையில் நம்மால் செய்ய முடியாது.

கைப்பையில வைக்கணுமா, செக்-இன் பெட்டியில போடணுமா?

முடிந்தவரை கைப்பை. செக்-இன் பெட்டி ஒரு கன்வேயர் பெல்ட்டிலிருந்து இன்னொன்றில் விழும், வண்டியில் அடுக்கப்படும், அதன் மேல் முப்பது கிலோ பெட்டி ஒன்று உட்காரும். வேலை செய்பவர்கள் முரடர்கள் என்பதால் அல்ல. அந்த அமைப்பே அப்படி. கைப்பையோ நம் கையை விட்டு அதிகம் போகாது.

ஆனால் கைப்பையிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைத்தால் பின்னால் ஏறுகிறவர் தன் பையை உள்ளே திணிப்பார். முன் இருக்கைக்கு அடியில், உங்கள் காலுக்குப் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. இரண்டு, விமானம் நிறைந்துவிட்டால் ஏறும் வாசலிலேயே கைப்பைகளை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் பிரித்துப் பேக் பண்ண நேரம் கிடைக்காது. அதனால் கைப்பையில் போகிறது என்று அரைகுறையாகச் சுற்றாதீர்கள். செக்-இன் போகிற மாதிரியே சுற்றுங்கள்.

செக்-இன்லதான் போட்டாகணும். துணிக்கு நடுவுல சுத்தி வச்சா போதாதா?

துணி நல்ல மெத்தைதான். எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உடைந்து வந்த பெட்டிகளை நான் பார்த்தவரை காரணம் இரண்டுதான்: பொருள் உள்ளே நகர்ந்திருக்கும், அல்லது பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். நகர்கிற பொருள் ஒவ்வொரு குலுக்கலிலும் பக்கத்தில் உள்ளதோடு மோதுகிறது. சுவரைத் தொடுகிற பொருள் வெளியே விழும் அடியை அப்படியே வாங்கிக்கொள்கிறது. நகரக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

பெட்டியின் அடியில் துணியை மெத்தையாகப் பரப்பி, பொருளை நட்டநடுவில் வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மென்மையான இடைவெளி விடுங்கள். சக்கரம் உள்ள பக்கம் பெட்டி நிற்கும்போது கீழே வரும். கனமான புத்தகம், சாமான் எல்லாம் அங்கே போகட்டும். உடையும் பொருள் அதற்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டியை நிமிர்த்திய உடனே எல்லாப் பாரமும் அதன் மேல் சரியும். ஷூவைப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அது கல் மாதிரி. ஆனால் சின்னக் கிண்ணம் ஒன்றைச் சாக்ஸில் போட்டு ஷூவுக்குள்ளேயே நுழைத்துவிட்டால் அருமையான கவசம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: துணி அமுங்கும். ராத்திரி இறுக்கமாக இருந்த ஸ்வெட்டர் காலையில் பாதியாகி, பக்கத்தில் இடைவெளி விழுந்திருக்கும். அதனால் முந்தின நாளே பேக் பண்ணிவிட்டு, கிளம்பும் முன் திறந்து கையால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் இருந்தால் இன்னும் துணியைத் திணியுங்கள். மூடிய பிறகு பெட்டியைத் தூக்கி ஒரு முறை குலுக்குங்கள். உள்ளே ஏதாவது அசைவது கையில் தெரிந்தால் பேக்கிங் முடியவில்லை.

பபிள் ராப்ல குமிழி உள்பக்கம் வரணுமா, வெளிப்பக்கமா?

உள்பக்கம். குமிழிகள் பொருளின் வளைவுகளைப் பிடித்துக்கொள்ளும், வெளியே உள்ள வழவழப்பான பக்கம் டேப் ஒட்ட வசதியாக இருக்கும். வார்னிஷ், தங்கப்பூச்சு, கையால் தீட்டிய வண்ணம் உள்ள பொருள் என்றால் நேரடியாகப் பபிள் ராப் படக் கூடாது, வட்டவட்டமாகத் தடம் விழும். முதலில் ஒரு சுற்று மெல்லிய வெள்ளைத்தாள், அதற்கு மேல் பபிள் ராப்.

1957-இல் ஆல்ஃபிரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத்தாள் செய்யப் பார்த்தபோது பிறந்ததுதான் இது. சுவருக்கு எடுபடவில்லை, நமக்கு உதவியது. ஊருக்குக் கிளம்பும்போதே இரண்டு மீட்டர் பபிள் ராப்பும் ஒரு டேப்பும் பெட்டியின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள். எடையே இருக்காது. டேப் ஒட்டும்போது அதன் நுனியை ஒரு விரல் அகலம் மடித்துவிடுங்கள். பிரிக்கும்போது கத்தி தேவைப்படாது. பத்திரமாக வந்து சேர்ந்தபின் கத்தியால் கீறுபட்ட பொருள்களை நான் பார்த்திருக்கிறேன்.

நியூஸ் பேப்பர்ல சுத்தினா ஆகாதா?

வெளிச்சுற்றுக்கு ஆகும், பொருளை ஒட்டி வேண்டாம். அச்சு மை கழன்று ஒட்டும். மெருகு பூசாத மண்பாண்டத்தில் அந்தக் கறை உள்ளே இறங்கிவிட்டால் போகாது. அப்புறம், தாளை விரித்துச் சுற்றினால் மெத்தை கிடைக்காது. ஒவ்வொரு தாளாகக் கசக்கி உருண்டையாக்கி அடைக்க வேண்டும். தாளுக்கு நடுவில் உள்ள காற்றுதான் அடியை வாங்குகிறது.

டீ கெண்டி மாதிரி மூடி, மூக்கு, கைப்பிடி எல்லாம் இருக்கறத எப்படி பேக் பண்றது?

என் கையில் உடைந்த முதல் பொருள் ஒரு சின்ன நீலக் கெண்டி. நாலு சுற்று பபிள் ராப், நடுவில்தான் வைத்திருந்தேன், ஆனால் மூடியைக் கெண்டியின் மேலேயே விட்டிருந்தேன். வழி நெடுக மூடி ஆடி ஆடி, வாய் விளிம்பு முழுக்க எறும்பு கடித்த மாதிரி சில்லு சில்லாகப் போயிருந்தது. வெளியே எவ்வளவு சுற்றினாலும் உள்ளே இரண்டு பாகம் ஒன்றோடொன்று உரசினால் பயனில்லை.

பிறகு ஒரு பீங்கான் கடையில் ஒரு பெண் கெண்டி கட்டியதை நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் மூடியை எடுத்துத் தனியாகச் சுற்றி ஓரமாக வைத்தார். கெண்டியின் வயிற்றுக்குள் கசக்கிய தாளை இறுக்காமல் நிரப்பினார். கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள ஓட்டையில் தாளைச் சுருட்டி நுழைத்து, வெளியிலும் சுற்றி, அந்தப் பக்கம் தட்டையாகும் வரை நிரவினார். மூக்குக்கும் அப்படியே, நுனியையும் தாண்டி இரண்டு விரல்கடை தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது கெண்டி ஒரு உருண்டை. அதற்குப் பிறகுதான் பபிள் ராப்பை எடுத்தார். முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துக் காதுக்குப் பக்கத்தில் அசைத்துப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் உருண்டையாக்கு, அப்புறம் சுற்று. கோப்பை, விளக்கு, சிலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாமா?

வேண்டாம். தனித்தனியாகச் சுற்றி, புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பது போலச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் மேலிருந்து வரும் பாரம் தட்டின் நடுவில் இறங்கி இரண்டாகப் பிளக்கும். நிறுத்தினால் விளிம்பு தாங்கும். பெட்டியைப் படுக்கப் போட்டாலும் நிறுத்தினாலும் திசை மாறும் என்பதால், சுற்றிய தட்டுகளை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் இறுக்கமாகப் போட்டு, அந்தப் பெட்டியைத் துணிக்கு நடுவே வைப்பது இன்னும் நல்லது.

‘ஃபிராஜைல்’ ஸ்டிக்கர் ஒட்டினா பாத்து எடுப்பாங்களா?

கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. ஆனால் கன்வேயர் பெல்ட்டுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஸ்டிக்கரை நம்பி ஒரு சுற்றைக்கூடக் குறைக்காதீர்கள். தனி அட்டைப்பெட்டியாகக் கொண்டுபோனால், பெரிய சாமான்களை வாங்கும் கவுன்ட்டரில் கையால் வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

பனி உருண்டை வாங்கினேன், செக்யூரிட்டியில பிடுங்கிட்டாங்க. ஏன்?

குலுக்கினால் பனி பொழிவது போல் தெரியும் அந்தக் கண்ணாடிக் கோளத்துக்குள் இருப்பது திரவம். 2006 முதல் பெரும்பாலான நாடுகளில் கைப்பையில் ஒரு கலத்துக்கு 100 மி.லி.க்கு மேல் திரவம் கூடாது. கோளத்தின் மேல் அளவு எழுதியிருக்காது என்பதால் அதிகாரி கண்மதிப்பாகத்தான் முடிவு செய்வார். அமெரிக்க விமான நிலையங்களில் டென்னிஸ் பந்து அளவு அல்லது அதற்குச் சிறியதாக இருந்து, திரவங்களுக்கான பிளாஸ்டிக் பைக்குள் அடங்கினால் விடுவார்கள். புது வகை ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் விதி தளர்ந்திருக்கிறது, ஆனால் நீங்கள் மாறி ஏறும் ஊரில் பழைய விதியே இருக்கலாம்.

அதனால் பனி உருண்டை செக்-இன் பெட்டிக்குத்தான். ஒழுகினாலும் மற்ற துணி நனையாதபடி ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, மூன்றாவது கேள்வியில் சொன்னபடி நடுவில் வையுங்கள்.

கண்ணாடி பாட்டில் விமானத்துல வெடிச்சிடாதா?

வெடிக்காது. பயணிகள் விமானத்தில் சரக்கறையிலும் நாம் உட்காரும் இடத்தில் உள்ள அதே காற்றழுத்தம்தான். அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்ற அழுத்தம். அதில் கண்ணாடி உடையாது. ஆனால் மூடி தளர்வாக இருந்தால் கசியும். மூடியைச் சுற்றி டேப், பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் சுற்று என்று போங்கள்.

மது பாட்டில் என்றால் விமானப் பாதுகாப்பு விதி ஒன்று உண்டு. 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது எந்தப் பையிலும் கூடாது. 24-லிருந்து 70 சதவீதம் வரை, கடையின் சீல் உடையாமல் ஒருவருக்கு 5 லிட்டர் வரை. இது விமானத்தின் விதி மட்டும்தான். இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு, அது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. வரியில்லாக் கடையில் வாங்கியதைச் சீல் வைத்த பையிலிருந்து வீடு வரும்வரை எடுக்காதீர்கள். வழியில் பிரித்தால் அடுத்த விமான நிலையத்தில் 100 மி.லி. விதி வந்து நிற்கும்.

அவ்வளவு அழகா சுத்தி வச்சத செக்யூரிட்டியில பிரிச்சு பார்த்தா என்ன பண்றது?

பிரிப்பார்கள் என்று நினைத்தே பேக் பண்ணுங்கள். கனமான பீங்கான், தடித்த கண்ணாடி எல்லாம் எக்ஸ்ரேயில் இருட்டாகத் தெரியும், சந்தேகம் வரும். முழுக்க டேப்பால் கட்டிய மூட்டையை அவர்கள் வெட்டித்தான் திறக்க வேண்டும். திரும்ப உங்களைப் போல் சுற்ற மாட்டார்கள். இரண்டே இடத்தில், நுனி மடித்த டேப் போதும். பரிசுத்தாளை ஊருக்கு வந்து சுற்றிக்கொள்ளலாம்.

செக்-இன் பெட்டியை நீங்கள் இல்லாதபோதுகூடத் திறக்கலாம். அதனால் உடையும் பொருளை ஒரு சின்னப் பெட்டிக்குள் முழுசாக அடக்கி, அந்தப் பெட்டியைத் துணிக்கு நடுவே வைப்பதே நல்லது. திறந்து பார்த்தவர் அப்படியே மூடித் திரும்ப வைத்துவிடுவார்.

ஓவியம் வாங்கியிருக்கேன். சுருட்டலாமா?

கேன்வாஸ் என்றால், வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தால், சுருட்டலாம். வண்ணம் தீட்டிய பக்கம் வெளியே இருக்க வேண்டும். பலர் பாதுகாப்பு என்று நினைத்து உள்பக்கமாகச் சுருட்டுகிறார்கள். அப்போது வண்ணப் படலம் நெருக்குண்டு பெயரும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. தாளில் தீட்டியதை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்டதை வாங்கினால், கண்ணாடி மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைவதை அது தடுக்காது, ஆனால் சில்லுகள் ஓவியத்தைக் கிழிக்காமல் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணாடி எங்கேயும் கிடைக்கும்.

கடைக்காரரே வீட்டுக்கு அனுப்பித் தர்றேங்கறார். நம்பலாமா?

கையில் தூக்க முடியாத அளவு என்றால் அதுதான் வழி. தினமும் அனுப்புகிற கடைக்காரர் நம்மைவிட நன்றாகவே கட்டுவார். இரட்டைப் பெட்டி போடுவாரா என்று கேளுங்கள்: பொருள் ஒரு பெட்டியில், அந்தப் பெட்டி இன்னொரு பெரிய பெட்டிக்குள், நடுவே சுற்றிலும் மெத்தை. முடிந்தால் நீங்கள் நிற்கும்போதே கட்டச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது, கண்காணிப்பு எண், காப்பீட்டுத் தொகை மூன்றும் எழுத்தில் வேண்டும்.

வரி குறையும் என்று விலையைக் குறைத்து எழுதித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுங்கத்திடம் பொய் சொல்வது குற்றம். உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த விலைக்குத்தான் கணக்காகும். உள்ளே என்ன பொருள், என்ன விலை என்பதைச் சுங்கப் படிவத்தில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

நல்லா பேக் பண்ணியும் சுங்கத்துல பறிமுதல் பண்ணிட்டாங்க. எதுக்கெல்லாம் இப்படி ஆகும்?

மூன்று வகைப் பொருளில் கவனம் வேண்டும். முதலாவது பழம்பொருள். துருக்கியில் பழமையாகத் தோன்றும் பொருளுக்கு அருங்காட்சியகச் சான்று இல்லாமல் வெளியே வர முயன்றால் கைது வரை போகும். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலை கொண்டுவர நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். புதிதாகச் செய்த நகல் என்றால் கடை ரசீதில் அப்படியே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது உயிரினங்களிலிருந்து வந்தவை. தந்தம், ஆமை ஓடு, கல் பவளம், சில சங்குகள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பலவற்றுக்கு அதுவும் கிடைக்காது. கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பது எல்லையில் செல்லாது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: பேக்கிங். பீங்கானை வைக்கோலில் பொதிந்து கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வைக்கோலையும் உலர்ந்த புல்லையும் பூச்சி, விதை பயத்தால் அனுமதிப்பதில்லை. கடையிலேயே தாளுக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.

உடைஞ்சு வந்தா விமான நிறுவனம் பணம் குடுக்குமா?

1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணத்தில், செக்-இன் பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது சேதமானால் அது பொறுப்பேற்க வேண்டும். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை. பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு அது, ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர் வரும். வரம்புதான் அது, தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. கைப்பையில் உடைந்தால் நிறுவனத்தின் தவறு என்று காட்டினால்தான் பொறுப்பு.

பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் அனுப்பிவிட வேண்டும். நாளைக்குப் பிரிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெட்டி வெளியிலேயே நசுங்கியிருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் கவுன்ட்டரில் அறிக்கை எழுதி வாங்குங்கள்.

‘உடையற பொருளுக்கு நாங்க பொறுப்பில்லை’ன்னு அவங்க சொல்லிட்டா?

சொல்வார்கள். அதே ஒப்பந்தத்தில், பொருளின் உள்ளார்ந்த குறையாலோ தன்மையாலோ வந்த சேதத்துக்கு அந்த அளவுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறது. மென்மையான பொருள் என்பதைச் சொல்லி அதைத்தான் காட்டுவார்கள். நம் பக்கத்தில் பேசக்கூடியது, பொருள் சரியாகக் கட்டப்பட்டிருந்தது, பெட்டியே அடிபட்டிருக்கிறது என்ற ஆதாரம். வாங்கியபோது எடுத்த படம், சுற்றும்போது எடுத்த படம், பெட்டியின் நசுங்கல், கடை ரசீது, பயண அட்டை, பெட்டிச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். செக்-இன் செய்யும்போது கையெழுத்து கேட்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், பொறுப்பைக் குறைக்கும் வாசகம் அதில் இருக்கும்.

பயணக் காப்பீட்டிலும் கண்ணாடி, பீங்கானை விலக்கும் வரி பல பாலிசிகளில் உண்டு. வாங்கும் முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உடைஞ்சே போச்சு. ஒட்ட முடியுமா?

முதலில் படம் எடுங்கள், புகாரை அனுப்புங்கள், முடிவு வரும்வரை ஒட்டாதீர்கள். பொடித் துண்டு உட்பட எதையும் தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனித் தாளில் மடித்து ஒரு டப்பாவில் வையுங்கள். சேருகிறதா என்று துண்டுகளை மறுபடி மறுபடி பொருத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் உதிரும், கடைசியில் கோடு பெரிதாகத் தெரியும்.

ஒட்டத் தொடங்கும்போது முதலில் பசையில்லாமல் டேப்பால் மட்டும் முழுப் பாத்திரத்தையும் ஒரு முறை சேர்த்து, துண்டுகளுக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மேலே வாருங்கள். நொடியில் பிடிக்கும் பசை வேண்டாம். அரை மில்லிமீட்டர் விலகி ஒட்டிவிட்டால் கடைசித் துண்டு உட்காரவே உட்காராது. அருங்காட்சியகப் பழுதுபார்ப்பாளர்கள் பாரலாய்ட் பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள். தவறினால் அசிட்டோனில் கரைத்து மறுபடி தொடங்கலாம். விலை உயர்ந்தது, அல்லது நெருங்கியவர் நினைவாக வாங்கியது என்றால் நீங்கள் தொடாமல் அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுங்கள். எப்படி ஒட்டினாலும் அந்தக் கோப்பையில் சூடாக எதையும் ஊற்றாதீர்கள், அது இனி அலமாரிக்கு மட்டும்.